மரம் உதிர்த்துவிடும், பெருக்குவது யார்?

செத்தவர்களின் பட்டியலில் ஒரு பெயரை எழுத வைப்பதற்காக நான் லண்டன் போனேன். மற்றவர்கள் கோபுரம் பார்க்கவும் மெழுகுப் பொம்மை பார்க்கவும் போகிற ஊர் அது. எனக்கு வாய்த்தது இந்த அலுவல்.

பெயர் அன்ரன். என் பெரியம்மாவின் கடைசி மகன். எனக்கும் அவனுக்கும் இரண்டு மாதம்தான் வித்தியாசம். மன்னாரில் ஒரே வகுப்பில் படித்தோம். பிறகு நான் ஜெர்மனிக்கு ஓடினேன், அவன் வன்னிக்குப் போய் டிராக்டர் திருத்தினான். 2009 சித்திரைக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சண்டை முடிந்தது. வெளியே வந்தவர்களோடு அவன் வரவில்லை. முகாம்களில் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். மன்னாரில் இருக்கும் அவனுடைய மூத்த அண்ணை, நினைவுத் திருப்பலி ஒன்று கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தார். ஆனால் லண்டனில் இருக்கும் அவர்களுடைய சகோதரி றோஸ் அக்கா தலையாட்டாமல் அந்தக் குடும்பத்தில் ஒரு மெழுகுதிரியும் எரியாது.

"நீ சொன்னா அவ கேப்பா. போய் விட்டிடச் சொல்லு" என்றார் பெரியண்ணை தொலைபேசியில்.

விட்டுவிடச் சொல்வதற்கு என்னைவிடத் தோதான ஆள் இல்லை என்று நானும் நினைத்தேன். பத்தொன்பது வருடங்களுக்கு முன்பே ஊரை விட்டவன் அல்லவா. தவிர, காலமும் தோதாக அமைந்தது. கத்தோலிக்கருக்கு நவம்பர் மரித்தோரின் மாதம். ஒவ்வொரு குடும்பமும் தன் செத்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கோயில் வாசலில் உள்ள பெட்டியில் போடும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவற்றை வாசித்துச் செபிப்பார்கள். அக்கா தன் தாளில் அன்ரனையும் எழுதிவிட்டால் போதும், மன்னாரில் பூசைக்கு நாள் குறிக்கலாம்.

வியாழக்கிழமை லண்டனில் இறங்கி ரயில் ஏறினேன். பத்து நிமிடத்தில் வண்டி நின்றது. ஒலிபெருக்கியில் ஒருவர் துக்க வீட்டுக் குரலில் அறிவித்தார்: தண்டவாளத்தில் இலைகள் விழுந்திருப்பதால் தாமதம். நான் காதைத் தேய்த்துக்கொண்டேன். உலகத்தில் பாதியைக் கட்டி ஆண்டவர்களின் ரயில், இலைக்குப் பயந்து நிற்கிறது.

எதிரே இருந்த வெள்ளைக்காரர் பத்திரிகையை மடித்துவிட்டு, "ஒவ்வொரு வருடமும் இதே கதை. மரங்களில் இலை இருக்கிற விஷயத்தை இவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை" என்றார். பிறகு தன் பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். ஜெர்மனியில் வண்டி நின்றால் சனம் கடிகாரத்தைப் பார்க்கும், பிறகு கடிதம் எழுதும். பிஸ்கட் கொடுக்காது.

நான் இருக்கும் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இலை என்றால் சட்டம். மாடிக் குடியிருப்பில் முறை வைத்துப் படிக்கட்டையும் நடைபாதையையும் பெருக்கவேண்டும். முறை வந்தவர் கதவில் ஓர் அட்டை தொங்கும். அந்த வாரத்தில் நடைபாதையில் நாலு இலை கிடந்தால் கீழ்வீட்டு மூதாட்டி வந்து மணியடிப்பார், ஐந்தாவது இலையைக் கையில் வைத்துக்கொண்டு. ஆகவே இலையுதிர்காலத்தைப் பார்த்து உருகுகிறவர்கள் யாரும் ஒருநாளும் விளக்குமாறு பிடித்ததில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

றோஸ் அக்காவின் வீடு ஸ்ட்ரெதமில், பெரிய வீதியிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி. பாரிஸில் பத்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். முதியோர் இல்லம் ஒன்றில் ஷிப்ட் வேலை. அவருடைய கணவர், என் அத்தான், தவறி நாலு வருடம் ஆகிறது. அறுபத்துமூன்று வயதிலும் படியில் என்னை முந்திக்கொண்டு ஏறினார். பிட்டும் பாரைமீன் குழம்பும் வைத்தார். நான் இரண்டாவது முறை குழம்பு ஊற்றும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"பெரியண்ணை அனுப்பினவரோ?"

"இல்லை அக்கா, சும்மா வந்தனான்."

"சும்மா வாறதுக்கு இதென்ன உன்ர மாமியார் வீடோ? சாப்பிடு, ஆறப்போகுது."

அதற்குமேல் அன்றைக்கு அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. குழம்பு வேறு அவ்வளவு நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா லீவு எடுத்திருந்தார். அவருடைய பங்குக் கோயிலில் ஒருநாள் தியானம். தமிழ்நாட்டிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். குருவானவர் அல்ல, குடும்பஸ்தர். நாடு நாடாகப் போய்த் தியானம் கொடுப்பவர். தலைப்பு: 'இலையுதிர்காலம் சொல்லும் இரகசியம் - விட்டுவிடு!' திரையில் படங்கள் ஓடின. சிவந்த இலை, மஞ்சள் இலை, இலையே இல்லாத மரம், அதற்குப் பின்னால் சூரியன், சூரியனுக்குள் போதகரின் இணையதள முகவரி.

"மரம் அழுதா? அழலையே! இலையைப் புடிச்சு வச்சிக்குதா? இல்லையே! நீங்க மட்டும் ஏன் புடிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அந்த வருடம் யாரையாவது இழந்தவர்கள். கொஞ்சப் பேர், இழந்தோமா இல்லையா என்றே தெரியாதவர்கள். மரம் அழாததைக் கேட்டு அவர்கள் அழுதார்கள். நானும் தலையை ஆட்டினேன். என் வேலையை இந்த மனிதரே செய்து முடித்துவிடுவார் போலிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்முறைப் பயிற்சி. எல்லோரையும் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். ஆளுக்கோர் இலை பொறுக்கி, விட முடியாததை அதில் மார்க்கரால் எழுதி, கண்ணை மூடிக் காற்றில் விடவேண்டும். முந்தின நாள் மழை. ஈர இலையில் மார்க்கர் எழுதவில்லை. நாற்பது தமிழர் குனிந்து நின்று இலையைக் கோட்டிலும் சேலைத் தலைப்பிலும் துடைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா தன் மாமியாரின் முழுப் பெயரையும் எழுதி, இடம் போதாமல் இரண்டாவது இலை எடுத்தார். ஒருவர் கவுன்சில் வீட்டு விண்ணப்ப இலக்கத்தை எழுதினார். நாயோடு வந்த ஓர் ஆங்கிலேயப் பெண், "இது உங்கள் சமயச் சடங்கா?" என்று என்னிடம் மரியாதையாகக் கேட்டார். இனிமேல் அப்படித்தான் ஆகும் என்றேன்.

அக்கா இலை பொறுக்கவில்லை. மரத்தடி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மடியிலும் தோளிலும் காலடியிலுமாகப் பதினைந்து கைப்பைகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். போதகர் கிட்டப்போய், "சிஸ்டர், நீங்க எதையும் விடலையா?" என்று கேட்டார்.

"எல்லாரும் விட வெளிக்கிட்டா, பையை ஆர் பிடிக்கிறது?" என்றார் அக்கா.

காற்று இல்லை. விட்ட இலைகள் நேரே விட்டவர்களின் சப்பாத்தில் விழுந்தன. 'அல்லேலூயா' சொல்லி முடிப்பதற்குள் பூங்காவைத் துப்புரவாக்கும் ஆள் ஒருவர் முதுகில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். குழாயால் காற்றடித்து இலை ஒதுக்கும் இயந்திரம். அவர் ஒதுக்கியது எங்கள் பக்கமாக. மாமியார், கவுன்சில், முழங்கால் வலி, எல்லாம் சுழன்றெழுந்து எங்கள் முகத்திலேயே ஒட்டின. விட்டதெல்லாம் திரும்பி வந்ததைப் போதகர் எப்படி விளக்குவார் என்று ஆவலோடு பார்த்தேன். அவர் தேநீருக்கு நேரமாகிவிட்டது என்றார்.

அன்று மாலை அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது நான் என் பிரசங்கத்தைத் தொடங்கினேன். ஆறு மாதம் ஆயிற்று, எல்லா இடமும் தேடியாயிற்று, அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசையாவது வேண்டாமா, பெரியண்ணைக்கும் வயது போகிறது. போதகரிடம் காலையில் கடன் வாங்கிய மரத்தையும் இடையில் நட்டேன்.

அக்கா கத்தியை வைத்தார்.

"எழுத எனக்குப் பயமில்லை. அப்பாவை எழுதினனான், அம்மாவை எழுதினனான், உன்ர அத்தானை எழுதினனான். மூண்டு பேரும் செத்ததை நாங்கள் கண்டது. அன்ரன் செத்ததை ஆர் கண்டது? கண்டவன் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வா. நான் இப்பவே எழுதுறன்."

"ஆரும் காணாமலும் சாகலாம்தானே அக்கா."

"ஓம், சாகலாம். ஆரும் காணாமல் இருக்கவும் ஏலும். பூசை வைச்சா பெரியண்ணை பேப்பரிலை போடுவார். பேப்பரிலை வந்தா கிராமசேவகர் இறந்தவர் எண்டு பதிவார். பதிஞ்சா பிறகு அவனை ஒரு நாயும் தேடாது. அவன் எங்கையாவது ஒரு அறைக்குள்ள இருந்தா, அவனை உள்ளுக்கை விட்டுக் கதவைப் பூட்டினது ஆர்? நான்தானே?"

உண்மையைச் சொல்வதென்றால், அன்ரனை நான் வைகாசியிலேயே மனதுக்குள் புதைத்துவிட்டேன். அவன் இல்லை என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. இருக்கிறான் என்று நினைத்தால் எப்படி இருக்கிறான் என்றும் நினைக்கவேண்டும். அதை நினைத்துக்கொண்டு காலையில் எழுந்து வேலைக்குப் போக முடியாது.

சனிக்கிழமை அக்காவுக்குக் காலை ஷிப்ட். வெளிக்கிடும்போது ஒட்டாத உறை ஒன்றைக் கையில் தந்தார். "கோயிலடியாலை போகேக்கை இதைப் பெட்டிக்குள்ள போட்டுவிடு தம்பி." உள்ளே மூன்று பெயர்கள். அப்பா, அம்மா, அத்தான்.

கோயில் எங்கும் ஓடிவிடாது என்று முதலில் ஈஸ்ட் ஹாம் போனேன். டிஸ்ட்ரிக்ட் லைனில் இறங்கி வீதிக்கு வந்தால் பாதி யாழ்ப்பாணம், பாதி மதுரை. நகைக்கடைக்குப் பக்கத்தில் மீன்கடை, அதற்குப் பக்கத்தில் சேலைக்கடை. முருங்கைக்காய் கம்புக் கட்டுப்போல நடைபாதையில் சாய்ந்து நின்றது. ஜெர்மனியில் முருங்கைக்காய் வாங்க நாற்பது கிலோமீட்டர் கார் ஓட்டுகிறவன் நான். அதைப் பார்த்ததும் வந்த வேலை மறந்து போயிற்று.

பெட்டிக்கடையில், பயணப்பெட்டி விற்கும் கடையைச் சொல்கிறேன், நமது போதகர் நின்றார். இரண்டு பெட்டி நிரம்பி மூன்றாவதற்கு வந்திருக்கிறார். கூட வந்த பங்குக்காரர் இருவரின் நாலு கைகளிலும் கம்பளிகள், வாசனைத் திரவியம், சாக்லேட், ஒரு சமையல் இயந்திரம்.

"பிரதர், இதிலே எதையாவது விடலாமே?" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். "ஊர்ல கேக்கறவங்களுக்கு வாங்கறது பிரதர். எனக்குன்னு ஒண்ணுமில்ல. வாங்க, காபி சாப்பிடலாம்."

உணவகத்தில் தோசைக்கு முன்னால் உட்கார்ந்து என் சங்கதியை அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. தோசை மொறுமொறுப்பாக இருந்தால் மனிதன் யாரையும் நம்பிவிடுகிறான்.

"நீங்களே எழுதிப் போட்டுடுங்க" என்றார் அவர், சட்னியைக் கிட்ட இழுத்துக்கொண்டு. "பேர் வாசிக்கறப்ப ஒரு அழுகை வரும். அழுதுட்டாங்கன்னா முடிஞ்சுது. அப்புறம் அவங்களே உங்களுக்கு நன்றி சொல்லுவாங்க. நான் எத்தனையோ நாட்டுல பார்த்திருக்கேன் பிரதர்."

"அவங்களுக்குத் தெரியாமலா?"

"இலை மரத்துக்கிட்ட சொல்லிட்டா விழுது?"

பரிமாறுகிற தம்பியிடம் பேனா வாங்கினேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். "ஆமா சார், எழுதும், கொஞ்சம் அழுத்தி எழுதுங்க" என்று சொல்லித்தான் தந்தான். மூன்றாவது பெயருக்குக் கீழே அழுத்தி எழுதினேன். அக்காவிடம் ஒரு வசனம் சொல்வதைவிட ஒரு பெயர் எழுதுவது சுலபமாக இருந்தது. கோழைத்தனம் என்பதற்கு வேறு அழகான பெயர் கிடையாது. திரும்பும் வழியில் உறையைப் பெட்டியில் போட்டேன். அன்றைக்குப் பார்த்து ரயிலெல்லாம் நேரத்துக்கு ஓடின.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மோர்டன், ஈஸ்ட் ஹாம் பக்கமிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. பன்றிக் காய்ச்சல் காலம். வாசலில் தீர்த்தத் தொட்டியைக் காயவிட்டிருந்தார்கள். சமாதானம் சொல்லக் கை கொடுக்க வேண்டாம், தலையை அசைத்தால் போதும் என்று அறிவித்தார்கள். போதகர் முன்வரிசையில் சகலருக்கும் தலையசைத்தார்.

மன்றாட்டு நேரத்தில் ஒரு பிள்ளை தாள்களை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். இங்கே பிறந்தவள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். எழுத்துக் கூட்டி, ஒரு பெயரும் பிழைக்கக்கூடாது என்று மெதுவாக வாசித்தாள். ஒவ்வொரு தாள் முடிவிலும் சனம் ஒரே குரலில், இவர்களுக்கு நித்திய இளைப்பாறுதல் தாரும் என்றது. எங்கள் தாள் வந்தது. அப்பா. அம்மா. அத்தான். அந்த நிமிடம் எழுந்து ஓடிப்போய்த் தாளைப் பறித்திருக்கலாம். நான் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்ரன்" என்று வாசித்தாள்.

அக்கா அழவில்லை. எழுந்து நின்றார்.

"பிள்ளை, அந்தக் கடைசிப் பேரை வாசிக்காதேங்கோ."

"சொறி அன்ரி, வாசிச்சிட்டன்" என்றாள் அவள். பயந்துவிட்டாள்.

"அப்ப திருப்பி எடுங்கோ. அவன் செத்ததை ஒருத்தரும் காணேல்லை."

கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பங்குத் தந்தை எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர், எழுபது வயது. கொஞ்ச நேரம் அக்காவைப் பார்த்தார். பிறகு, "வெட்டிவிடும் பிள்ளை" என்றார்.

அவள் பேனா தேடிக்கொண்டிருக்கும்போது நாலாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். நேற்று முன்தினம் இலையில் எழுதி விட்டவர்களில் ஒருவர். "பாதர், எங்கட தாளிலை என்ர மகன்ர பேர் இருக்கு. தியானத்திலை சொன்னவையெண்டு எழுதிப்போட்டன். அதையும் எடுங்கோ." பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "என்ர தம்பியையும் மருமகளையும்." அடுத்து இன்னொருவர். தந்தை வாசிப்பை நிறுத்தச் சொன்னார். தாள்களைப் பீடத்துக்கு முன்னால் ஒரு மேசையில் பரப்பிவைத்தார். சனம் நற்கருணைக்குப் போவதுபோல வரிசையாக வந்து, தங்கள் தாளைத் தேடி எடுத்து, ஒரு பெயரை வெட்டிவிட்டுப் போனது. ஒருவரும் அவசரப்படவில்லை. போதகர் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ தேடினார், வெகுநேரமாகியும் அது அகப்படவில்லை.

வரிசையில் அக்காவுக்குப் பின்னால் நானும் நின்றேன். அவர் தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு பேனாவை என் கையில் தந்தார். வெட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மீனைக் கழுவி உப்புப் போட்டு வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"உன்ர எழுத்து எனக்குத் தெரியாதே? எறும்பு ஊருற மாதிரி."

"மன்னியுங்கோ அக்கா."

"அதைப் பிறகு பாப்பம்." அலுமாரியைத் திறந்து ஒரு கத்தைப் படிவங்களை, எங்கள் பேச்சில் 'போம்'களை, கொண்டுவந்தார். காணாமற்போனவரைத் தேடித்தரும்படி கேட்கும் விண்ணப்பங்கள். புதிதாக அனுப்ப வேண்டிய ஒன்றை என் முன்னால் வைத்தார். அன்ரனின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், எல்லாம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. தேடுபவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். அதற்குக் கீழே இரண்டு வரி வெறுமையாகக் கிடந்தது.

"உன்ர பேரை எழுது."

"அக்கா, அவன் இல்லையெண்டுதான் நான் நினைக்கிறன்."

"நீ நினைக்கிறதை எழுத இதிலை இடமில்லை. பேரும் விலாசமும்தான் கேக்கிறாங்கள்." பேனாவை என் பக்கம் தள்ளினார். "எனக்கு அறுவத்தி மூண்டு. பிரஷருக்கு மூண்டு குளிசை. நாளைக்கு நான் விழுந்தா அவனை ஆர் தேடுறது?"

எழுதினேன். ஸ்டுட்கார்ட் விலாசத்தையும், கதவிலக்கத்தோடு.

திங்கட்கிழமை விமானத்துக்குக் காத்திருந்தபோது பெரியண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தவுடனே, "விட்டிட்டாவோ?" என்றார்.

"இல்லை அண்ணை. தேடித்தரச் சொல்லி அனுப்பிற போமிலை என்னையும் சேர்த்துப் போட்டா."

மூன்று நாலு நல்ல வார்த்தைகளால் என்னைத் திட்டினார். இதற்கா உன்னை அனுப்பினது என்றார். ஜெர்மனியில் இருந்து மூளை உறைந்துவிட்டது என்றார். விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள், வைக்கப்போகிறேன் என்றேன்.

"அந்தப் போமிலை" என்றார் பெரியண்ணை, "இன்னும் இடம் இருக்கோ?"